பன்னிரண்டு பிள்ளைகள் சொன்ன ஒரே கதை

முனைவர் பட்ட ஆய்வுக்காக மேலப்பாளையத்தில் ஒரு தெருவைப் பிடித்தேன். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் எப்படிக் கதை சொல்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. எழுத்தில்லாத ஆறு படங்களைக் காட்டுவேன். ஒரு நாய், ஒரு பந்து, ஒரு வாய்க்கால். பிள்ளை அதைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லும், நான் பதிவு செய்வேன். ஆறு மாதம் கழித்து அதே படங்கள், அதே பிள்ளைகள். இடையில் மொழி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் போவேன். பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு டீ. வேண்டாம் என்றால் யார் கேட்டார்கள்? எனக்கு அந்தத் தெருவைப் பழக்கிவிட்டவர் முதல் வீட்டுப் பெண். கணவர் துபாயில், ஒரே மகள் மூன்றாம் வகுப்பில். தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டேன். தன் படிப்பை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள் என்று அவரே சொன்னார்.

இரண்டாம் சுற்றில் அவர் மகள் ஆங்கிலக் கதையை மடமடவென்று சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த வீட்டுப் பையன் அதே வாக்கியங்களைச் சொன்னான். நான்காவது வீட்டில்தான் கவனித்தேன், நாய் வாய்க்காலில் குதிக்கும் இடம் வந்ததும் நான்கு பிள்ளைகளுமே ஒரே மாதிரி கையைத் தூக்குகிறார்கள். நேராக லாத்தாவிடம் திரும்பிப் போய்க் கேட்டேன்.

"நாந்தான் டீச்சர் படிச்சுக் குடுத்தேன்" என்றார் பெருமையாக. "படத்த அன்னைக்கே போன்ல எடுத்து வச்சுக்கிட்டேன். எதுத்த வீட்டு காலேசுப் புள்ளகிட்ட கேட்டு முதல்ல நான் படிச்சேன். பொறவு எல்லாத்தையும் இங்கன உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன். ஒரு புள்ள தப்பாச் சொல்லி உங்க பரிச்சையில மார்க்கு கொறஞ்சிரக் கூடாதுல்லா? எங்க தெருவ நம்பில்லா வந்திருக்கிய!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. எனக்கோ மூக்கின்மேல் கோபம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்னவென்று சொல்வது? "ரொம்ப உதவி லாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மனப்பாடம் செய்து சொன்னது செல்லாது என்று ஆய்வு நெறியாளர் பன்னிரண்டு பிள்ளைகளின் பதிவுகளையும் ஒதுக்கச் சொன்னார். சேரன்மகாதேவியில் வேறு பிள்ளைகளைத் தேடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வருடம் போயிற்று. லாத்தாவிடம் மூச்சு விடவில்லை. அதைப் பெருந்தன்மை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பட்டம் கிடைத்ததும் அல்வாவோடும் ஆய்வேட்டோடும் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு ஏட்டை வாங்கினார்.

"நம்ம புள்ளைக எங்கன இருக்கு?"

அந்தத் தெருவைப் பற்றி இருந்ததே ஒரு பத்திதான். அதைக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம். ஆறு படங்களோடு அவர் நிறுத்தவில்லை, மகளின் பாடப் புத்தகங்களையும் கூடவே படித்துவந்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

வரியின் மேல் விரலை வைத்தார். "ட்வெல்வ்... சில்ட்ரன்... நாட் யூஸ்டு..." எழுத்துக்கூட்டி அடுத்த வரிக்கும் போனார். பிள்ளைகளுக்கு முன்னமே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது என்ற இடத்தில் விரல் நின்றது.

"எங்களாலயா டீச்சர்?"

தலையை ஆட்டினேன்.

"எவ்வளவு நாளு வீணாப்போச்சு?"

"ஒரு வருசம்."

"அப்பமே ஏன் சொல்லல?"

"உங்க மனசு நோகும்னு நெனச்சேன் லாத்தா."

அவர் ஏட்டை மூடவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எம்மவ தப்பா எழுதினா பள்ளிக்கூடத்துல சிவப்பு மையில வட்டம் போட்டுக் குடுக்காவ. அந்த வட்டத்தப் பாத்துப் பாத்துத்தான் நானும் படிச்சேன். எனக்கு மட்டும் ஏன் டீச்சர் நீங்க ஒரு வட்டம் போடல?"