யாரும் துரத்தாத சாலை

டெல் அவீவில் ஒரு பொத்தான் கடையில் நாற்பத்தோரு வருஷம் நின்றே உழைத்தவள் ஹிண்டா. எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அதில் எந்தப் பொத்தான் மாற்றித் தைத்தது என்று சொல்லிவிடுவாள். புருஷன் இறந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அண்ணன் ஸெலிக் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூதர்களின் ஓய்வுநாளுக்காக பஸ் ஓட்டம் நிற்பதற்குள், பக்கத்து ஊரான ஹோலோனில் அவன் வீட்டுக்குப் போய்விடுவாள். மீன் சமைத்து, கூட இருந்து சாப்பிட்டு, சனிக்கிழமை இருட்டின பிறகுதான் பத் யாமில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்புவாள்.

அந்த அண்ணன்மேல் அவளுக்கு உயிர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷக் குளிரில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவிலிருந்து தப்பிய இருவரும் ஓர் உக்ரைன் கிராமத்து வைக்கோல் கொட்டகையில் ஒளிந்திருந்தார்கள். அவனுக்குப் பதின்மூன்று, அவளுக்கு ஒன்பது. விடியற்காலையில், "பால் வாங்கிட்டு வரேன், சத்தம் போடாம இரு" என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. மூன்றாம் நாள் பராஸ்கா என்ற சலவைக்காரி அவளைக் கண்டெடுத்து, சண்டை முடிகிறவரை வீட்டில் மறைத்து வைத்தாள். பிறகு அநாதை விடுதியில் ஸெலிக்கைப் பார்த்தபோது அவன் கட்டிக்கொண்டு அழுதான். சாலையில் நாயோடு சிப்பாய்கள் துரத்தினார்கள், காட்டுக்குள் ஓடவேண்டியதாகிவிட்டது என்றான். அவள் நம்பினாள். அறுபத்தைந்து வருஷம் நம்பினாள். கல்யாணத்துக்கு முன்னால், மாண்ட்ரியலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு நல்ல மனிதர் பெண் கேட்டபோதுகூட, "அண்ணனை விட்டுட்டு வரமாட்டேன்" என்று மறுத்தவள் அவள்.

ஸெலிக்கின் மகள் நுரித் படம் வரைகிறவள். அப்பா பிழைத்த கதையை நான்கு வருஷம் உட்கார்ந்து சித்திரக்கதைப் புத்தகமாக வரைந்து முடித்தாள். ஹோலோன் நூலகத்தில் வெளியீடு. ஹிண்டா சீக்கிரமே போய், முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாள். தெரு சரியாக இருந்தது. அம்மாவின் முக்காடு சரியாக இருந்தது. கொட்டகை வந்தது. வைக்கோலில் ஒரு பையன் மட்டும் படுத்திருந்தான்.

பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று விரலால் பிரித்துப் பார்த்தாள். அடுத்த பக்கம் முழுவதும் ஒரே படம். பனி மூடிய சாலை, நடுவில் பையன். கோட்டின் மூன்றாவது பொத்தான் மட்டும் மரப்பொத்தான், அதுகூடச் சரி. சிப்பாய் இல்லை, நாய் இல்லை.

நுரித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அத்தை, எப்படி இருக்கு?"

"சிப்பாயெல்லாம் எங்கடி?"

"எந்தச் சிப்பாய்?"

"இந்த ரோட்டுல. நாய் வெச்சிருந்தவங்க."

"அங்க யாரும் இல்ல அத்தை. நான் வரையணும்ல, அதனால மூணு தடவை கேட்டேன். முன்னாடி என்ன, பின்னாடி என்ன, யாராவது வந்தாங்களான்னு. ரோடு காலியா இருந்துச்சு, மெதுவாத்தான் நடந்தேன்னு அப்பா சொன்னாரு."

"நான் எங்க?"

நுரித்தின் முகம் சிவந்தது. "நீங்க வேற ஊர்ல இருந்தீங்கன்னு சொன்னாரு. அந்தக் கதை வேறன்னாரு."

"உன்னைத் தூக்கி வளர்த்தவடி நான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா?"

மேடையில் ஸெலிக்குக்குக் கை தட்டினார்கள். ஹிண்டா புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியேறினாள். அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. அடுத்ததும் போகவில்லை.

ஏழாவது வாரம் ஸெலிக்கே வந்தான். மூன்று மாடி ஏறி, வாசலில் மூச்சு வாங்க நின்றான்.

"உள்ள வான்னு சொல்லமாட்டியா?"

அவள் வழிவிட்டாள். கண்ணாடி டம்ளரில் டீ வைத்தாள்.

"நீ இருமிக்கிட்டே இருந்தே, ஹிண்டா" என்றான். "விடிய விடிய. கொட்டகைக்காரன் காதுல விழுந்தா ரெண்டு பேரும் போச்சு."

"அதனால?"

"பால் கேட்கத்தான் போனேன். சத்தியமா. நடக்க ஆரம்பிச்சதும் அந்த இருமல் காதுல இல்ல. அப்படியே நடந்துட்டேன்."

"திரும்பி வரணும்னு எவ்வளவு நேரம் நினைச்சே?"

அவன் டம்ளரைச் சுற்றினான். "மத்தியானம் வரைக்கும்."

"பயந்து ஓடினது தப்பில்ல அண்ணா, நீயும் சின்னப் பையன். ஆனா இல்லாத நாயைக் கொண்டுவந்து என்னை நம்பவெச்சியே. கடைசியில நான் இருந்ததையே அழிச்சிட்டியே."

"உன்னை வரையச் சொன்னா, விட்டுட்டுப் போனதையும் சொல்லணும். அந்தப் பொண்ணு என்மேல வெச்சிருக்கிற மரியாதைதான் எனக்கு மிச்சம்."

"எனக்கு என்ன மிச்சம்?"

அவன் எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

மறுநாள் காலையில் ஹிண்டாவே நுரித்துக்குப் போன் செய்து, இருமல் முதல் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கே நுரித் பென்சிலும் தாளுமாக வந்து, அழுதுகொண்டே வரைந்தாள். "அழாம பராஸ்காவை நல்லா வரை. சோப்புத் தண்ணியில கை வெடிச்சிருக்கும்" என்றாள் ஹிண்டா. அவள் புதிதாக வரைந்த பதினோரு பக்கமும் அடுத்து வந்த பிரெஞ்சுப் பதிப்பில் சேர்ந்தன. ஸெலிக் அந்தப் புத்தகத்தைக் கையால் தொடவில்லை. மகளோடு மூன்று மாதம் பேசவுமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் தங்கைக்கு மட்டும் போன் செய்வான். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பாள். போனை வைத்துவிடுவாள்.