பளபளத்த ஒன்பதாவது படி

பெயிண்டையும் துருவையும் தேய்த்தெடுக்கும் கம்பிக் கப் பிரஷ் மாட்டிய கிரைண்டரை நான் முதன்முதலில் எடுத்துப்போனது மும்பை செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரும்புப் படிக்கட்டுக்கு. கணபதி பண்டிகைக்கு இன்னும் நான்கே நாள். அந்தக் குடியிருப்பு சொசைட்டியில் வருஷா வருஷம் கணபதிக்கு முன்னால், பழசைச் சுரண்டாமலே, படிக்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கீழே முற்றத்தில் ஆரத்தி நடக்கும்போது பிள்ளைகளெல்லாம் அந்தப் படிகளில்தான் ஏறி நிற்பார்கள்.

"இந்தத் தடவை பழசையெல்லாம் எடுத்துட்டு அடிச்சுடுங்கோ" என்றார் செக்ரெட்டரி விசாலம் மாமி.

கிரைண்டர் சுற்றச் சுற்ற பெயிண்ட் ஏடு ஏடாகப் பறந்தது. இரும்பு பளபளத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னோடு வேலை செய்யும் மைத்துனன் செல்லத்துரை, சிப்பிங் சுத்தியலும் கம்பி பிரஷுமாக உட்கார்ந்திருந்தான்.

"சுரண்டு மாப்ள, அடுத்த கணபதிக்குள்ள முடிச்சிருவ" என்று கிண்டல் செய்தேன்.

"அத்தான், மிஷினை நிப்பாட்டுங்க. இதைக் கேளுங்க."

எட்டாவது படியில் தட்டினான். 'டங்' என்றது. நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒன்பதாவதில் தட்டினான். 'டொக்'. ஓங்கி ஒன்று போட்டான். சுத்தியலின் கூர்முனை உள்ளே போய்விட்டது. அடியிலிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது. இத்தனை வருஷமாகப் படியைத் தாங்கியது பெயிண்ட்தான் போலிருக்கிறது.

மழைக்காலம். சுரண்டிய இரும்பு சாயங்காலத்துக்குள் துருவேறிச் சிவந்துவிடும். வேலை கையைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

"பட்டி வச்சு அடைச்சு பிரைமர் அடிச்சிருவோம். கணபதி முடிஞ்சு சொல்லிக்கலாம்" என்றேன்.

"சரி. ஆரத்தி அன்னைக்கு இதுக்கு நேர் கீழ நீங்க நிப்பியளா?"

கிரைண்டரைக் கீழே வைத்தேன். போய் மாமியைக் கூட்டி வந்தேன்.

"பெயிண்ட் அடிக்கச் சொன்னா, படியை ஓட்டை பண்ணி வச்சிருக்கேளே!"

செல்லத்துரை சுத்தியலை அவர் கையில் கொடுத்தான். மாமியே எட்டில் தட்டினார், ஒன்பதில் தட்டினார். பத்தாவதும் 'டொக்' என்றது. முற்றத்தை ஒரு தரம் குனிந்து பார்த்தார். அதன்பிறகு திட்டவே இல்லை.

ஆரத்தியன்று படிக்கட்டின் கீழே நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார் மாமி. "ஒருத்தரும் ஏறப்படாது!" பிள்ளைகள் தூறலில் குடை பிடித்து நின்றார்கள். முடிந்ததும் எங்கள் இருவருக்கும் மோதகம் கொடுத்தார்.

என்னிடம், "ஓட்டையை அடைச்சு மறைக்காம என்னைக் கூப்பிட்டேளே, நன்னா இருக்கணும்" என்றார்.

செல்லத்துரை என்னைப் பார்க்காமல் மோதகத்தைக் கடித்தான்.

படிகளை மாற்றும் வேலையும் எங்களுக்கே வந்தது. இப்போது ஊசிக் கம்பிகளால் துருவைக் கொத்தியெடுக்கும் நீடில் கன் வரைக்கும் வாங்கிவிட்டேன். ஆனால் எந்த வேலையிலும் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிடுவோம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் அதைச் செய்யுங்கள். பளபளப்பை நம்பாதீர்கள்.

பட்டி வைத்து அடைக்கச் சொன்னது நான்தான் என்று அவன் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அவள் அவனுடைய சொந்த அக்கா. நானாகத்தான் இப்போது சொல்கிறேன். மாப்ள, ரொம்ப நன்றி.