சைக்கிள் கடைச் சீர்திருத்தக்காரர்

பேசிக்கொண்டே கையை நீட்டி, எதிரில் நிற்பவர் உதட்டிலிருக்கும் சுருட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிகிறார் ஞானதுரை. சுருட்டுக்காரர் திகைத்து வாயைத் தடவிப் பார்ப்பதற்குள் பேச்சு இங்கிலாந்துப் பார்லிமெண்டைத் தாண்டிப் போய்விடுகிறது. "ஒம்ம நெஞ்சுக்கு நல்லதுன்னுதான் செஞ்சேன். காலம் மாறுதுல்லா!" என்பார்.

இராஜபாளையம் பஜாரில் அவருக்கு வாடகைச் சைக்கிள் கடை. வாடகையை நீட்டினால் மட்டும் வண்டி கிடைக்காது; எங்கே, எதற்கு என்றும் சொல்ல வேண்டும். ஜோசியரைப் பார்க்கப் போகிறவனுக்கு வண்டி இல்லை. வரதட்சணை பேசப் போகிறவன் நடந்துதான் போக வேண்டும். பெண்களுக்குப் பாதி வாடகை என்று பலகை மாட்டியிருக்கிறார். ஒருத்தியும் வந்ததில்லை, அதற்காகப் பலகையைக் கழற்றவுமில்லை. "மனுசனுக்கு மனுசன் உரிமைய மதிக்கணும்" என்று அவர் உரக்கச் சொல்லும் நேரத்தில், வண்டி மறுக்கப்பட்ட ஆசாமி வெயிலில் நடந்துகொண்டிருப்பான்.

வீட்டிலும் இதே ராஜ்யம்தான். பெண்கள் பொதுக்கூட்டத்துக்கு வர வேண்டும் என்று தீர்மானித்து, மனைவி பரிபூரணத்தைக் கிளம்பச் சொன்னார். அந்த அம்மாள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்: "வரமாட்டேன்னு சொல்ல எனக்குச் சுதந்திரம் உண்டா, இல்ல அதையும் நீங்கதான் தரணுமா?" நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டார் ஞானதுரை. ஒப்புக்கொண்ட பிறகு, "சரி, நேரமாச்சு, கெளம்பு" என்றார்.

பெண்ணுக்குப் பதினாலு வயதாகாமல் கல்யாணம் கூடாது என்று சட்டம் வந்த வருஷம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சுத் தரகர் சங்கையாவோ அதை எதிர்த்துக் கூட்டம் போட்டார். "எம் மகளுக்கு எப்பத் தாலி கட்டணும்னு டில்லிக்காரன் சொல்லணுமாக்கும்?" என்று கேட்டார். நல்ல கைதட்டல். மறு கூட்டத்துக்கு அவர் நாள் குறித்ததும், கலவரம் வரும் என்று அதிகாரிக்கு மனுப் போட்டார் ஞானதுரை. அந்தக் கலவரம் ஊரில் எங்கும் இல்லை. அவர் மனுவில் மட்டுந்தான் இருந்தது. தடை உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் வரை கடையில் யாரிடமும் வாடகை வாங்கவில்லை.

அடுத்த வாரம் சட்டத்தை ஆதரித்து அவரே மேடை போட்டார். மூங்கில் நடும்போதே போலீஸ்காரர் வந்து நின்றார்.

"நான் முன்னேற்றத்துக்குல்லா பேசுதேன்!"

"உத்தரவுல முன்னேத்தம் பின்னேத்தம்னு ஒண்ணும் போடலியே. ரெண்டு மாசத்துக்கு ஒருத்தரும் கூட்டம் போடக் கூடாது."

உத்தரவை வாங்கிப் படித்தார். 'பொது அமைதிக்குப் பங்கம்' என்ற சொற்கள் அவர் மனுவில் எழுதியவைதான். இரண்டு நாள் எல்லார் சுருட்டும் தப்பியது. மூன்றாம் நாள் நேரே சங்கையாவின் பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குப் போனார்.

"அண்ணாச்சி, ஒங்க கூட்டத்த நிறுத்தச் சொன்னது நாந்தான்."

"ஊருக்கே தெரியும், தம்பி."

"தப்பு. ரெண்டு பேருமாப் போயி தடைய எடுக்கச் சொல்லுவோம். வாரீயளா?"

"எனக்குப் பேச அனுமதி கெடச்சா மொதல்ல ஒம்மத்தான் வைவேன்."

"வையுங்க. பொறவு நான் ஒங்கள வையுதேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக் கச்சேரிக்கு ஒரே சைக்கிளில் போனார்கள். மிதித்தவர் ஞானதுரை, பின்னால் கனத்த உடம்போடு சங்கையா. வழி நெடுகச் சண்டை. கல்யாண வயதில் தொடங்கி, வண்டியை மேட்டில் தள்ளும்போது மனு தர்மத்துக்கு வந்திருந்தார்கள். இப்படி இருவர் சேர்ந்து வந்து நிற்பதைப் பார்த்த அங்கிருந்த வக்கீல் ஒருவருக்கு எதைக் கேட்பதென்றே தெரியவில்லை. கலவரம் வரும் என்று எழுதியவரே வராது என்று எழுதிக் கொடுத்ததில் தடை விலகியது.

முதலில் தடைப்பட்டது சங்கையாவின் கூட்டம் என்பதால் முதல் கூட்டமும் அவருக்கே என்று விட்டுக்கொடுத்தார் ஞானதுரை. தன் ஆட்கள் நடுவில் ஊளையிட்டபோது திரும்பி அதட்டினார்: "பேசட்டும்லே! நமக்கும் ஒரு நாள் இருக்கு."

சங்கையா சொன்ன சொல் தவறவில்லை. "நம்ம சைக்கிள் கடைக்காரருக்குப் பஞ்சருக்கும் பஞ்சாயத்துக்கும் வித்தியாசம் தெரியாது" என்று ஆரம்பித்தார். திடலே சிரித்தது. ஞானதுரையின் முகம் கறுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் மேடையில் இருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு காற்றிறங்கி, மஞ்சளாகி மங்கத் தொடங்கியது. கூட்டம் எழுந்திருக்கத் தயாராயிற்று.

ஞானதுரை விளக்கைப் பார்த்தார், சங்கையாவைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேடையேறி, குனிந்து, வெளிச்சம் வெள்ளையாகும் வரை காற்றடித்தார். இறங்கும்போது, "பஞ்சர்ல விட்டீய, அண்ணாச்சி" என்று எடுத்துக் கொடுத்தார்.