மூடிய அறையில் பெய்த பனி

அவளை எல்லோரும் கோட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும், முழங்கால் வரை தொங்கும் தடித்த கோட்டோடுதான் திரிவாள். மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கும் குளிர்க்கிடங்கில் மெக்கானிக் வேலை. கம்ப்ரஸரின் சத்தத்தை வைத்தே அதன் உடம்புக்கு என்ன என்று சொல்லிவிடுவாள். அவள் கணவர் பஸ் ஓட்டுபவர். "நீ வீட்டுக்குள்ள வந்தா யாரோ ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்ச மாதிரி இருக்கு" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கிடங்குக்குள்ளும் மழை உண்டு. சாமான் இறக்கும் முன்கூடத்தின் பெரிய கதவைத் திறந்தால் வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே புகும். குளிர்ந்த கூரையில் அது பொடிப்பொடி முத்துகளாகப் படியும். பொடியாக இருக்கும்வரை விழாது. பக்கத்து முத்தோடு சேர்ந்து, கனத்து, தாங்க முடியாமல் போனபிறகுதான் சொட்டும். உறைகுளிர் அறையில் கதை வேறு. அங்கே ஈரம் தண்ணீராகும் வேலையே இல்லை. ஆவி நேரே பனித்துகளாகிவிடும். இரண்டுக்கும் நடுவிலிருந்த வாசலில் சொட்டும் நீர் வழியிலேயே உறைந்து, கண்ணாடி மணிகளாகத் தரையில் ஓடும். மிதித்தால் காலை வாரிவிடும்.

ஒரு முறை கணவர் பஸ்ஸின் முன்கண்ணாடியை உடைத்த ஆலங்கட்டியை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். அவள் கத்தியைச் சூடாக்கி நறுக்கினாள். வெங்காயம் மாதிரி உள்ளே வளையம் வளையமாக இருந்தது.

"இது ஒரே மூச்சுல விழுந்தது இல்லங்க. மேகத்துக்குள்ள காத்து இதை விழவிடாமப் பிடிச்சு வெச்சிருக்கு. வழியில பட்ட தண்ணியெல்லாம் இது மேலயே உறைஞ்சு, ஒவ்வொரு பூச்சா ஏறியிருக்கு."

"என் கண்ணாடிதான் கிடைச்சுதா அதுக்கு" என்றார் அவர்.

கிடங்கில் பனி விழுந்தால் எந்த வழியாக ஈரம் நுழைந்தது என்று தேடுவதுதான் அவள் பிழைப்பு. ஈரம் இல்லாமல் எதுவும் விழாது.

அன்று மதியம் கடைசி உறைகுளிர் அறையில் ஃபேனைப் பார்க்கப் போனாள். காலையிலிருந்தே அந்த அறையைப் பூட்டி, ஃபேன்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே விளக்கு எரியவில்லை. டார்ச்சை அடித்தாள். வெளிச்சக் கீற்றில் ஊசிமுனை அளவுக்குத் துகள்கள் மினுமினுத்தபடி இறங்கின.

தன் மூச்சுதான் என்று நினைத்து மூச்சை அடக்கினாள். துகள்கள் நிற்கவில்லை. கதவுப் பக்கம் ஒன்றும் விழவில்லை. மூலையில், பெட்டி அடுக்குக்குப் பின்னால்தான் அடர்த்தியாக இருந்தது. கொஞ்சம் விழுந்து, நின்று, மறுபடி விழுந்தது. அந்த விட்டுவிட்டு விழும் கணக்கு எதனுடையது என்று அவளுக்குப் புரிந்தது. யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் போய்ப் பார்த்தாள். கிடங்கில் மீன் எடைபோடும் அண்ணன் காலிச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். காலையில் எதையோ எடுக்க வந்திருக்கிறார். யாரோ வெளியே பூட்டிவிட்டார்கள். உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகிப்போயிருந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் குரல் கேட்டு மூட்டை தூக்குபவர்கள் ஓடிவந்தார்கள். தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அவர் உதடு அசைந்தது.

"அவரையும் கூட்டிட்டு வாங்க."

"யாரைண்ணே?"

"உள்ள இருக்காரே. தூங்காதே, தூங்காதேன்னு பேசிக்கிட்டே இருந்தாரு. அந்தப் பக்கத்து மூலையில."

இரண்டு பேர் திரும்பிப் போய் அறை முழுக்கத் தேடினார்கள். ஒருவரும் இல்லை. "குளிரு மூளைக்கு ஏறிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வேனை நோக்கி ஓடினார்கள்.

கதவைச் சாத்துவதற்காக அவள் மட்டும் நின்றாள். கடைசியாக ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சை அடித்தாள். அண்ணன் கிடந்த இடத்தில் காற்று தெளிந்திருந்தது. எதிர் மூலையில், காலித் தரைக்கு மேலே, ஓர் ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்திலிருந்து பனி மெல்ல விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது.

பக்கத்தில் போகக் கால் வரவில்லை. கதவைச் சாத்தவும் கை வரவில்லை. துகள்கள் தானாக நிற்கும்வரை அப்படியே நின்றாள்.

எடைக்கார அண்ணன் கால்விரல் இரண்டை இழந்து பிழைத்துக்கொண்டார். மறுபடி வேலைக்கு வந்தார், ஆனால் முன்கூடத்தைத் தாண்டி உள்ளே போகமாட்டார். எதிர் மூலையில் பனி விழுந்ததை அவள் சொன்னதும், ஈரம் நுழையச் சுவரில் விரிசல் இருக்கும் என்று இன்ஜினியர் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். விரிசல் அகப்படவில்லை. கைப்பிடியை மாற்றினார்கள். அந்த மூலையில் அவள் அதற்குப் பிறகு பனி பார்க்கவே இல்லை.

ஆனால் ஓய்வுபெறும்வரை அந்த அறையைப் பூட்டுமுன் தலையை உள்ளே நீட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்காமல் அவள் பூட்டியதில்லை. புதிதாக வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"ஒருநாள் 'இருக்கேன்'னு பதில் வந்தா என்னடி பண்ணுவே?" என்று கணவர் கேட்டார்.

"வெளிய வாங்கன்னு சொல்லுவேன். பாவம், எவ்வளவு நாளா உள்ள இருக்காரோ" என்றாள்.

அன்று அவர் ஃப்ரிட்ஜ் ஜோக் சொல்லவில்லை.