இரண்டு பேர் தாங்கிய மாப்பிள்ளை

முழங்கால் ஆபரேஷன் முடிந்து டொராண்டோவின் ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். காலையில் யாழ்ப்பாணத்து நர்ஸ் பெண் வந்து, "அங்கிள், காலை ஒருக்கா உயர்த்துறன், பயப்பிடாதேங்கோ" என்று கட்டிலில் ஒரு பொத்தானை அமுக்கினாள். கால் மேலே போய், தலை கீழே இறங்கி, மூக்கு அடைத்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மயக்கமருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருப்பாள், பாவம்.

இந்த மூக்கடைப்பு எனக்குப் பழைய சிநேகிதம். எழுபதுகளில் நான் விண்வெளி வீரனாக இருந்தவன். சிரிக்காதீர்கள். படுத்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

விண்வெளியில் மாதக்கணக்கில் மிதப்பவர்களுக்கு முகம் உப்பி, கால் சூம்பிவிடுமாம். அதைத் தரையிலேயே சோதித்துப் பார்க்க டொராண்டோவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆள் எடுத்தார்கள். தலைப்பக்கம் தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்காகக் கிடக்க வேண்டும். சாப்பாடு, குளியல், மற்றதெல்லாமும் படுத்தபடியே. மாணவனாக இருந்த எனக்கு, படுத்தால் சம்பளம் என்றால் கசக்குமா?

இடப்பக்கக் கட்டிலில் டான், லாரி ஓட்டுபவன். வலப்பக்கம் நிக்கோ, வெக்ஸ்போர்ட் பகுதியில் ரொட்டிக்கடை வைத்திருந்த கிரேக்கன். மூவரும் ஒரே விண்கலத்துக் குழு என்று கணக்கு. ஒருவன் எழுந்து நின்றாலும் மூவருக்கும் சோதனை முதலிலிருந்து. படுத்தபடி சூப் குடிக்கப் பழகுவதற்குள் பாதி எங்கள் காதுக்குள் போனது. அடைத்த மூக்கில் ருசி ஏது? நிக்கோ தன் கடை ரொட்டியின் வாசனையை வர்ணிப்பான்; அந்த வர்ணனையைத் தொட்டுக்கொண்டு நாங்கள் அங்கே கொடுத்த ரப்பர் ரொட்டியைத் தின்போம்.

இதற்குள் திருச்சியில் அம்மா பெண் பார்த்துவிட்டாள். போட்டோ வந்தது. வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று எனக்கு அப்போதே ஆகிவிட்டது. "பையன் விண்வெளிப் பயிற்சியில இருக்கான்" என்று அம்மா பெண் வீட்டில் அளந்துவிட, டொராண்டோவிலேயே வேலையில் இருந்த பெண்ணின் தாய்மாமா கிளம்பி வந்துவிட்டார்.

கதவைத் திறந்ததும் அவருக்குத் தரிசனம் தந்தவை என் உள்ளங்கால்கள்தான். பெரியவருக்கு நேரே நீட்டிக்கொண்டு! மரியாதைக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று கட்டைவிரலை ஆட்டினேன்.

"ஏன் தம்பி, கால்ல ஏதாச்சும் குறையா?"

"இல்ல மாமா. எந்திரிக்கக் கூடாது."

"ஒரே ஒரு தடவை நின்னு காட்டிடுங்க. எங்கக்காவுக்கு நான் என்னன்னு எழுதறது?"

போட்டோவில் இருந்தவள் கைநழுவிப் போகிறாளே! விஷயத்தை ஆங்கிலத்தில் மற்ற இருவருக்கும் சொன்னேன்.

"எந்திரிடா," என்றான் டான். "மறுபடி மொதல்லேர்ந்து படுத்தாப் போச்சு."

"என் ரொட்டி எங்கயும் ஓடிடாது," என்றான் நிக்கோ.

இப்படிச் சொன்னவர்களை வைத்துக்கொண்டு எப்படி எழுவது? படுத்தே கிடந்தேன். மாமா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

சோதனை முடிந்த அன்று, சந்தேகம் தீர்த்துக்கொள்ள மறுபடி வந்தார். அவர் பார்க்க நான் கம்பீரமாக ஓர் அடி வைத்தேன். அறையே சுற்றியது. டானும் நிக்கோவும், தாங்களே தள்ளாடிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா அன்றைக்கே எழுதிப்போட்டார்: பையன் நடக்க ரெண்டு ஆள் வேணும்.

பெண் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். அவள் மட்டும், "தாங்கறதுக்குத்தான் ரெண்டு பேர் இருக்காங்கல்ல, அப்புறம் என்ன?" என்றாளாம். அவள்தான் இதோ, ஆரஞ்சு உரித்துக்கொண்டே என்னை முறைக்கிறாள்.

நிக்கோவின் கடையில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். நிக்கோ போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. டான் போன குளிர்காலத்தில் போனான்.

மத்தியானம் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். "ஒராளே பிடிச்சால் காணும் அங்கிள்," என்றாள் நர்ஸ்.

"இவருக்கு ரெண்டு ஆள் வேணும்மா," என்றாள் என் மனைவி. "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லித்தான் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு வலப்பக்கம் வந்து பிடித்துக்கொண்டாள். நான் டான் பக்கத்து இடக்கையையும் நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.