பெயர் அழிந்த காகிதம்

கிள்ளானில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து பழைய வீட்டுச் சாமான்களையும் காகிதங்களையும் திரட்டி வைத்திருக்கிறார்கள். போன வருடம் என் வீட்டிலிருந்தும் ஐந்து பொருள்களை அங்கே கொடுத்தேன். கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி, தகரத்தில் ஆணியால் துளை போட்டுச் செய்த கிழங்கு துருவி, எங்கள் கல்யாணப் போட்டோ, என் கணவர் சட்டையில் குத்திக்கொள்ளும் பித்தளை நம்பர் வில்லை, பிறகு ஜப்பான்காரன் காலத்துக் காகிதம் ஒன்று. முதல் நான்கும் என்னவென்று பார்த்தவுடன் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஐந்தாவதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அச்சடித்த ஜப்பானிய எழுத்து, மூலையில் சிவப்பு முத்திரை, நடுவில் மங்கலான நீலக் கறை.

"இதுல பேரே இல்லையே ஆன்ட்டி, யாரோடது?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

"ரெண்டு பேரோடது" என்றேன்.

அவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற சிறிய அட்டையில் அந்தக் கதையை எழுத இடமில்லை. நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. ஜப்பான்காரன் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. என் கணவர் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன், அதாவது ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி நெம்புகோலை இழுத்துவிடுகிற வேலை. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்களுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும் இருந்தன. எனக்குத் தாய் தகப்பன் இல்லை. கூடப் பிறந்தவர் என்று ஓர் அண்ணன் மட்டும். அவர் கிள்ளானை அடுத்த மேரு பக்கம் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வேலை செய்தவர். தோட்டத்தை மூடிய பிறகு அங்கேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு பயிர் செய்து வந்தார். எங்களுக்கும் அவர் கொடுக்கிற கிழங்குதான் சோறு.

அந்தச் சமயத்தில் ஆண்களைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் தோட்டங்களில் ஆள் கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, கூட்டம் கூடுகிற இடத்தில் லோரியைக் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து நாங்கள் பார்க்கவில்லை. என் கணவர் மட்டும் தைரியமாக வெளியே நடமாடியதற்குக் காரணம் அந்தக் காகிதம். 'இவன் ரயில்வே ஆள், வேறு வேலைக்குக் கொண்டுபோகக் கூடாது' என்று அதில் அச்சடித்திருக்கும். அவர் பெயரையும் நம்பரையும் மைப்பேனாவால் எழுதி, பக்கத்தில் ஆபீஸ் முத்திரையைக் குத்தியிருந்தார்கள். காக்கிச் சட்டையின் மேல்பையில் அதை மடித்து வைத்திருப்பார். தூங்கும்போதுகூடச் சட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கவிடுவார்.

அதை நான் துவைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை. சோப்பு கிடைக்காத காலம், சாம்பலைக் கரைத்துத்தான் துணி துவைப்பது. சட்டையிலிருந்த பித்தளை வில்லையை ஞாபகமாகக் கழற்றி எடுத்து வைத்தவள், பைக்குள் கைவிட்டுப் பார்க்கவில்லை. கல்லில் இரண்டு அடி அடித்த பிறகுதான் பைக்குள் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. எடுத்தேன். விரல் முழுக்க நீலமாகிவிட்டது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். திட்டவில்லை. காகிதத்தை விரித்துப் பார்த்தார். பெயரும் நம்பரும் கரைந்து போயிருந்தன. அச்செழுத்தும் சிவப்பு முத்திரையும் மட்டும் அப்படியே நின்றன. அந்த முத்திரை மையில் எண்ணெய் கலந்திருக்கும் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். "காய வை. திங்கக்கெழம ஆபீசுல வேற கேட்டு வாங்கிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடுகாட்டி, துணிக்கு நடுவில் வைத்து அதைத் தேய்த்தேன். ஒரு கல்யாணப் புடவையைக்கூட அவ்வளவு பதமாக நான் தேய்த்ததில்லை.

மறுநாள் அவருக்கு லீவு. கிழங்கும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் சேர்த்து வைத்திருப்பதாக அண்ணன் சொல்லியனுப்பியிருந்தார். கிள்ளான் பாசாரில், அதாவது சந்தையில், வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. வீட்டில் அன்றைக்கு அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை. பேப்பர் இல்லாமல் போக வேண்டாம் என்றேன். "விடிஞ்சதும் போயிட்டு அடுத்த வண்டியில திரும்பிடுறேன், ஞாயித்துக்கெழம எவன் பிடிக்கப் போறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டில் கூட்ஸ் வண்டி கார்டு ஒருவர் குடியிருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கிள்ளானிலிருந்து வண்டியோடு வந்தவர் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, பதறாம கேளு. பாசார் முனையில லோரிய குறுக்க நிறுத்தி ஆம்பளைங்க அத்தன பேரையும் ஏத்திட்டாங்க. உன் வீட்டுக்காரரும் அதுல இருக்காரு. நான் கண்ணால பாத்தேன்."

அவர் தொடர்ந்து பேசினார். "பேப்பர் இல்லையாம்லா அவர்கிட்ட? அத எடுத்துக்கிட்டு ஓடு. மத்தியான கூட்ஸ்ல கொண்டு வராங்க. கோலாலம்பூர் ஸ்டேசன்ல இஞ்சினுக்குத் தண்ணி பிடிக்க நிக்கும். அத விட்டா அவ்வளவுதான்."

பெயரில்லாத காகிதத்தைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது? ஒன்று மட்டும் தோன்றியது. பெயர்தான் போய்விட்டது, நம்பர் பித்தளையில் இருக்கிறதே. வில்லையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். கல்யாணப் போட்டோவைச் சட்டத்தோடு கழற்றினேன். காகிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ரயில்வே ஆபீசுக்கு ஓடினேன். அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் நான் கால் வைத்ததில்லை.

அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். தலை நரைத்தவர். ஜப்பான்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது, அவரும் வந்து உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ பிள்ளை, அவர் நல்ல மனுசன் எல்லோ. ஆனா இண்டைக்கு உள்ளுக்கை இருக்கிறவன் என்ன குணத்திலை இருக்கிறானெண்டு சொல்லேலாது."

"ஐயா, மத்தியான வண்டி நிக்கிற நேரந்தான் எனக்கு இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "வாங்கோ. நான் கும்பிடுற மாதிரி நீங்களும் குனிஞ்சு கும்பிடுங்கோ. கேட்டால் நான் சொல்லுறன், நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

உள்ளே ஒரு ஜப்பானிய அதிகாரி இருந்தார். இடுப்பு வளையக் குனிந்தேன். கிராணி மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அதிகாரி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நீலக் கறையைத் தட்டிக்காட்டி உரக்க ஒரு கேள்வி கேட்டார். துவைத்ததற்கு ஜப்பானியச் சொல் தேடிக் கிராணி தடுமாறினார். பேசாமல் நிற்கச் சொன்னது ஞாபகத்தில் இருந்தும், நான் முந்தானை முனையை இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கிக் காட்டினேன். துவைத்து, அலசி, பிழிவதுவரை காட்டினேன். பிறகு வில்லையையும் போட்டோவையும் மேசைமேல் வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மேசையை ஓங்கி அறைந்து ஒரு நிமிஷம் கத்தினார். என்ன கத்தினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கத்தி முடித்ததும் பேரேட்டை இழுத்துப் புரட்டி, வில்லையின் நம்பரோடு ஒத்துப் பார்த்து, புதிய காகிதம் ஒன்றில் என் கணவர் பெயரைக் கிராணியை எழுதச் சொல்லி முத்திரை குத்தினார். பழைய காகிதத்தைக் கசக்கித் தரையில் எறிந்தார். போட்டோவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வில்லையையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கிராணி என் கையில் புதிய காகிதத்தைக் கொடுத்தார். கூடவே, அவர் எப்போது குனிந்து எடுத்தாரோ தெரியாது, பழையதையும் நீவி மடித்துக் கொடுத்தார். "இதையும் கொண்டு போங்கோ. பின்பக்கம் வெறுமையாக் கிடக்கு, ஏதும் எழுத உதவும்." காகிதத்துக்குப் பஞ்சமான காலம். நானும் வேறொன்றும் நினைக்கவில்லை. பின்னாளில் ஒருமுறை, தெரிந்துதான் கொடுத்தீர்களா என்று அவரிடம் கேட்டேன். "உண்மையைச் சொல்லுறன் பிள்ளை, ஒண்டும் நினைக்கேல்லை" என்றார்.

ஸ்டேசனுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி நின்றிருந்தது. இஞ்சின் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சாமான் ஏற்றுகிற பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். காவலுக்கு நின்ற சிப்பாயிடம் குனிந்து காகிதத்தைக் காட்டினேன். தேடு என்பதுபோல் கையை வீசினான்.

எப்படித் தேடுவது? எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எங்களில் அப்படிச் சொல்வதில்லை. அன்றைக்கு அந்த மேடையில் நின்று, தொண்டை கிழிய, அவர் பெயரைக் கூப்பிட்டேன். மூன்று பெட்டிகளிலிருந்து மூன்று குரல் "இங்க இங்க" என்று கேட்டது. மூன்றும் அவர் குரல் இல்லை. அந்தப் பெயர் நம் ஆட்களிடம் அவ்வளவு சாதாரணம். என்னைப் பார்த்த அந்த மூன்று முகங்களை நான் மறக்கவில்லை.

பிறகு நம்பரைச் சொல்லிக் கத்தினேன். வாராவாரம் சாம்பல் போட்டுத் துலக்கிய நம்பர். "நானூத்திப் பதினேழு! நானூத்திப் பதினேழு!"

கடைசிக்கு முந்தின பெட்டியில் அவர் எழுந்து நின்றார்.

சிப்பாய் வந்து காகிதத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், இறங்கு என்று சைகை காட்டினான். அவர் இறங்கவில்லை. என்னைப் பார்த்து, "மச்சானும் இருக்காரு" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய தோளுக்குப் பின்னால் என் அண்ணன். கிழங்கு கொடுக்க வந்தவரையும் சேர்த்துத்தான் பிடித்திருந்தார்கள்.

"நீங்க எறங்குங்க மாப்ள" என்றார் அண்ணன். "நான் ஒண்டிக்கட்ட. தங்கச்சிய பாத்துக்குங்க."

இஞ்சின் ஊதியது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை தானாக ரவிக்கைக்குள் போய் அந்தப் பழைய காகிதத்தை எடுத்துச் சிப்பாயிடம் நீட்டியது. அவன் விரித்தான். நடுவிலிருந்த கறையைப் பார்த்தான். "நாமா?" என்று மலாயில் பெயர் கேட்டான். என் கணவர் அண்ணனின் கையைத் தூக்கிப் பிடித்து, "டெட்சுடோ, டெட்சுடோ" என்றார். ரயில்வே என்பதற்கு அவர் தினமும் கேட்டுப் பழகிய ஜப்பானியச் சொல் அது. சிப்பாய் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே அச்சு, அதே சிவப்பு முத்திரை. இரண்டையும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே போ என்பதுபோல் முகவாயை அசைத்தான்.

இரண்டு பேரும் இறங்கினார்கள். நானும் என் கணவரும் அண்ணனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். "ஓடாதீங்க. மெதுவா நடங்க, வேல முடிஞ்சி போற மாதிரி" என்று என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பின்னால் வண்டி நகர்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதார். என் கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இனிமே எஞ்சட்டப் பையில என்னா இருக்குன்னு பாக்காமலே தொவை" என்றார். அதைக் கேட்டு அண்ணனும் சிரித்துவிட்டார். கிழங்கு கிள்ளான் பாசாரிலேயே போய்விட்டது. கார்டு அண்ணன் வீட்டிலிருந்து வந்த கஞ்சியை மூன்று பேரும் பகிர்ந்து குடித்தோம். குடித்துவிட்டு, பட்டப்பகலில், ஆளுக்கொரு மூலையில் அடித்துப்போட்டாற்போல் தூங்கினோம்.

அண்ணன் மேருவுக்குத் திரும்பவில்லை. பத்து நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்தார். அதற்குள் என் கணவரும் கிராணியும் பேசி, தண்டவாளம் பழுதுபார்க்கிற ஆட்களோடு அவரைச் சேர்த்துவிட்டார்கள். அவர் பெயர் எழுதிய காகிதம் வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், மறுபடியும் படிக்கச் சொன்னார். சண்டை முடிகிறவரை எங்கள் அடுப்படியில்தான் படுத்துக்கொண்டார். சின்ன வீட்டில் மூன்று பேர், இடித்துக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் காலம் போனது. ஒரு நாளாவது அது எனக்குப் பாரமாகத் தோன்றியதில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்த செய்தி வந்த வாரத்தில், அண்ணன் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு மேருவுக்குக் கிளம்பினார். குடிசை இருக்குமோ, யாராவது குடியேறியிருப்பார்களோ என்று போகும்போது ஒரே கவலை. மூன்றாம் நாள் கார்டு அண்ணன் கிள்ளானிலிருந்து அவர் சொல்லியனுப்பியதைக் கொண்டுவந்தார்.

"வீடு நிக்குதாம். கதவ மட்டும் எவனோ கழட்டிக்கிட்டு போயிட்டானாம். கதவு செஞ்சிக்கலாம்னு சொல்லச் சொன்னாரு."

என் கணவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம போயி நானே செஞ்சி குடுத்துடுறேன்" என்றார். பலகைக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டே வாசல்வரை போனோம்.