எகிப்து ராணியின் நீலமணி மாலை

என் மாமனார் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் யானை கட்டியிருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, கட்டியிருந்தது. நான் ஜீயபுரத்துக்கு வாழ வந்தபோது சங்கிலிதான் மிச்சம். ஆகவே பெரிய வீட்டுப் பெண்பிள்ளை எப்படி இருப்பாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்சி கண்டோன்மெண்டில் எங்கள் பங்களாவுக்கு வாடகைக்கு வந்த வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. செருப்பு பிய்ந்திருந்தது. தலை மட்டும் குனியவே இல்லை.

அவர் அப்பா சீமையில் பெரிய பிரபுவாம். இவர் குமரியாக இருந்தபோது எகிப்து தேசத்துக்குப் போய், அப்பா செலவில் ஆள் வைத்து, மணலைத் தோண்டி ராஜாக்களின் கல்லறைகளைக் கண்டுபிடித்தாராம். கூடப் போன ஆண்கள் கூடாரத்தில் உட்கார்ந்து எழுத, இவர் குழிக்குள் இறங்கிப் பிரஷ்ஷால் மண் தட்டினாராம். கிடைத்ததில் ஒரு பங்கு அந்த ஊர் சர்க்காருக்கு, ஒரு பங்கு தோண்டினவருக்கு. எங்கள் வயலில் விளைச்சலை வாரம் பிரிக்கிற மாதிரிதான். அதனால் எனக்கு அது தப்பாகப் படவில்லை.

தோட்டக்காரன் தன் பெண்டாட்டியிடம் பேசுவதைக் கேட்டே அவர் தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் உலகத்தில் எல்லோரும் அவருக்கு 'நீ'தான்.

என் ஒரே மகளுக்கு ஸ்ரீரங்கத்தில் இடம் அமைந்தது. அரிசி மண்டிக்காரர்கள், நல்ல இடம். அதற்கு முன் வந்த இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவள் வீட்டோடுதான். நிச்சயத்தன்று அந்த அம்மாவையும் அழைத்தேன். வந்தவர் பெண்ணின் கழுத்தில் ஒரு நீலமணி மாலையைப் போட்டார். தட்டு இன்னும் மாற்றவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா மணியைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாருக்குங்க. எந்தக் கடைங்க?"

"கடை இல்லை. செத்த ராணி கழுத்து. நானே எடுத்தேன்."

கூடத்தில் யாரும் வெற்றிலை மெல்லவில்லை. சம்பந்தியம்மா மடியில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். "கிளம்பலாங்க" என்று எழுந்து தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

தாலியோடு போன பெண்ணின் மஞ்சளை நாங்கள் கேட்டு வாங்குவோம். தாலி அறுத்தவளின் பொருள் கல்யாணப் பெண்மேல் படவே கூடாது. நான் அந்த அம்மாவைப் பார்த்து, "அந்த ராணி சுமங்கலியாப் போனாங்களா, இல்ல புருஷன் முன்னாடி போயிட்டாரா?" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "சுவரில் படம். ராணி உட்கார்ந்திருக்கு. ஒரு ஆள் நின்னு செத்த ராணிக்குச் சாப்பாடு வைக்கிறான். நான் புருஷன்னு சொன்னேன். கூட வந்த ஆம்பளைங்க பிள்ளைன்னு புஸ்தகத்தில் போட்டாங்க. என்னைக் கேட்கலை."

சம்பந்தியம்மா மறுபடி உட்கார்ந்தார். "அந்த ஆளு மொட்டை போட்டிருக்கானா?"

"இல்லை. தோள் வரைக்கும் முடி."

"அப்புறம் என்ன? பெத்தவளுக்குக் கொள்ளி வச்ச பிள்ளை தோள் வரைக்கும் முடியோட நிப்பானா? புருஷன்தாங்க. இதைப் போய் எதுக்குப் புஸ்தகத்துல தேடினாங்க?"

"நீ சரி" என்றார் அந்த அம்மா. "நீ ரொம்ப சரி."

"என்னை 'நீ'ங்கிறாங்களே?" என்றார் சம்பந்தியம்மா என்னிடம்.

"அவங்க கலெக்டரையும் அப்படித்தாங்க" என்றேன்.

தட்டு மாற்றினோம்.

கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டில் சுமங்கலியாகப் போன பெண்களுக்குப் புதுப்புடவை வைத்துப் படைப்பது வழக்கம். ராணியின் மாலை வீட்டுக்கு வந்துவிட்டதால் அவளுக்கும் ஒரு புடவை வைத்தாக வேண்டும் என்று சம்பந்தியம்மா சொல்லி அனுப்பினார். அரக்குச் சிவப்பில் எடுத்தேன். அவள் என்ன சாப்பிடுவாள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். ரொட்டி, வெங்காயம், வாத்து என்றார். வாத்து முடியாது, வடைதான் என்று சொல்லிவிட்டேன்.

படையலன்று ராணிக்கும் ஓர் இலை விழுந்தது. நாங்கள் விழுந்து கும்பிட்டபோது அந்த அம்மாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இலையையும் புடவையையும் வெகுநேரம் பார்த்தார்.

"புருஷன்தான்" என்று ராணியிடம் சொன்னார்.